மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் ஏன் விட்டார்கள்?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சர்வதேச உறவுக் கோட்பாடுகளில் உள்ள பாரபட்சங்கள் பற்றி செமினாரில் பேச வேண்டும். படிக்கப் படிக்க, எல்லாமே வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்கு எழுதிக்கொண்டது மாதிரியே தெரிகிறது. கைடு மேடத்திடம் சொன்னால், “கோட்பாடு இல்லையென்றால் நீ வெறும் பேப்பர் படிக்கிற ஆள்தான்” என்கிறார். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா, சார்?
— ஒரு மாணவி, திருச்சி

பதில்: தூக்கிப் போடாதீர்கள், பரீட்சை வேறு இருக்கிறது.

‘வெள்ளைக்காரன் வசதிக்கு எழுதியது’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எந்த வசதிக்காக, எந்த இடத்தில், அதனால் எது கண்ணில் படாமல் போனது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு லட்டு மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979-இல் எழுதிய ‘தியரி ஆஃப் இன்டர்நேஷனல் பாலிடிக்ஸ்’ உங்கள் பாடத்திட்டத்தில் கட்டாயம் இருக்கும். சர்வதேச அரசியலுக்கான கோட்பாட்டை வல்லரசுகளை வைத்துத்தான் எழுத வேண்டும், மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் வைத்து எழுதுவது நகைப்புக்குரியது என்கிறார் மனிதர். சந்தையை ஆராய்கிறவன் பெரிய கம்பெனிகளைப் பார்ப்பானா, பெட்டிக்கடையைப் பார்ப்பானா என்கிற தர்க்கம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தள்ளிவிட்ட அந்த இரண்டு நாட்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்.

கோஸ்டாரிகாவில் 1948-இல் ஒரு உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் ஜெயித்த ஹோசே ஃபிகரெஸ், அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தலைநகர் சான் ஹோசேயில் ஒரு ராணுவக் கோட்டைக்குப் போய், சுத்தியலால் சுவரில் ஓங்கி அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்தார். அந்தக் கோட்டை இன்றைக்கு தேசிய அருங்காட்சியகம். அடுத்த ஆண்டு அரசியல் சட்டத்திலும் எழுதிவிட்டார்கள். (ராணுவம் இருந்தால் நாளைக்கு நம்மையே கவிழ்க்கும் என்ற கணக்கும் அவருக்கு இருந்திருக்கும், மகானெல்லாம் கிடையாது.) நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், அதிகாரம்தான் பேசும் என்கிற ரியலிசம் (வால்ட்ஸும் இந்தக் கட்சிதான்) சொல்கிறபடி பார்த்தால், தன்னைக் காத்துக்கொள்ளாத நாட்டை அக்கம்பக்கத்தார் விழுங்கிவிட வேண்டும். முயற்சியும் நடந்தது. 1955 ஜனவரியில் நிகராகுவாவின் ஆதரவோடு ஆயுதக் கும்பல் ஒன்று எல்லை தாண்டி வந்தது. கோஸ்டாரிகா அமெரிக்க நாடுகள் அமைப்பில் முறையிட, விசாரணைக் குழு வந்தது, அமெரிக்கா நாலு போர் விமானங்களை ஒவ்வொன்றும் ஒரு டாலர் விலையில் விற்றது, படையெடுப்பு பிசுபிசுத்தது. இன்றுவரை அங்கே ராணுவம் இல்லை.

மலேசியா இதைவிட சுவாரசியம். 1963-இல் மலேசியா உருவானதும் இந்தோனேசியாவின் சுகர்ணோ அதை ஒழித்தே தீருவேன் என்று ‘கொன்ஃப்ரொன்டாசி’யில், அதாவது மோதல் நடவடிக்கையில் இறங்கினார். போர்னியோ காடுகளில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகளெல்லாம் வந்து சண்டை போட்டன. 1966-இல் சமாதானம். 1967 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அதே இந்தோனேசியாவும் அதே மலேசியாவும் பாங்காக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் கையெழுத்துப் போடுகின்றன. இரண்டு நாட்டின் மக்கள்தொகையோ பரப்போ அந்த ஒரு வருடத்தில் மாறவில்லை. மாறியது ஜகார்த்தாவில் நாற்காலியில் இருந்த ஆள்: சுகர்ணோ போய் சுகார்த்தோ வந்தார். நாட்டுக்கு உள்ளே யார் ஆண்டாலும் ஒன்றுதான், வெளியே இருக்கிற அதிகாரச் சமநிலைதான் நடத்தையைத் தீர்மானிக்கும் என்பது வால்ட்ஸின் அடிப்படை. அவர் மலேசியாவை உதாரணமாக எடுத்திருந்தால் அந்த வரியை இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம். உங்கள் செமினாருக்கு இதுவே போதும் என்பேன்.

இன்னொன்று, தமிழில் யோசிக்கிற நமக்குக் கைகொடுக்கிற ஒரு விஷயம். இந்தத் துறையில் ‘அனார்க்கி’ என்பதை நாம் அராஜகம் என்று எழுதுகிறோம். பிரித்துப் பார்த்தால் அ-ராஜகம், ராஜா இல்லாத நிலை, அவ்வளவுதான். நாடுகளுக்கு மேலே ஒரு ராஜா இல்லை என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் பேச்சில் நாம் ‘பஸ்ல ஒரே அராஜகம்’ என்றால் அடிதடி என்று அர்த்தம். ராஜா இல்லை என்றால் அடிதடிதான் என்று ஒரு தாவல் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, கோட்பாட்டுக்குள்ளும் அதே தாவல்தான். அலெக்சாண்டர் வென்ட் என்ற கோட்பாட்டாளர் 1992-இல் எழுதிய கட்டுரை இந்தத் தாவலைத்தான் பிடித்தது: மேலே ஆள் இல்லாததால் நாடுகள் என்ன செய்யும் என்பது அவை ஒன்றையொன்று யாராக நினைக்கின்றன என்பதைப் பொறுத்தது. பிரிட்டனிடம் அணுகுண்டு இருக்கிறது என்று அமெரிக்கா தூக்கம் கெடுவதில்லை, பாருங்கள்.

அப்புறம், நாடு என்றால் ஓர் ஆள் என்கிற பழக்கம். காலையில் பேப்பரைத் திறந்தால் ‘சீனா எச்சரிக்கை’, ‘அமெரிக்கா அதிருப்தி’. சீனா எங்கே உட்கார்ந்து எச்சரித்தது? மேடம் கிண்டல் செய்த பேப்பரும் அவர் மதிக்கும் கோட்பாடும் இந்த இடத்தில் ஒரே பாஷைதான் பேசுகின்றன. 1962 அக்டோபர் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுப் போரின் விளிம்புக்குப் போன கியூபா ஏவுகணை நெருக்கடியின் உச்ச நாள். அன்றைக்கு ஒரு அமெரிக்க உளவு விமானம் கியூபா மேல் சுடப்பட்டது, மாஸ்கோ உத்தரவு கொடுக்காமலே. இன்னொன்று வழிதவறி சோவியத் வானுக்குள்ளேயே போய்விட்டது, வாஷிங்டன் அனுப்பாமலே. கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு குண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தன, அதற்குள் அணு டார்பிடோ இருப்பது தெரியாமல். ஏவலாம் என்று கேப்டன் கொதித்தபோது வசிலி அர்ஹிப்போவ் என்ற அதிகாரிதான் தடுத்தார் என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ‘சோவியத் யூனியன் முடிவெடுத்தது’ என்று ஒரு வாக்கியத்தில் எழுதினால் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த அந்த இரும்புக் குழாய் காணாமல் போய்விடும். கிரஹாம் அலிசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1971-இல் இதே நெருக்கடியை மூன்று கண்ணாடி போட்டுப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார், நூலகத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்.

நாடுகள் மட்டும்தான் ஆட்டக்காரர்கள் என்பதும் இப்படித்தான். இறையாண்மை நாடுகளின் பிறந்தநாள் 1648, ஐரோப்பாவின் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு ஒன்பது வருடம் முன்பே நம் கடற்கரையில் ஒரு வியாபாரக் கம்பெனி நாயக்கரிடம் மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனி கோட்டை கட்டி, சண்டை போட்டு, 1800-களின் தொடக்கத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வைத்திருந்தது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

சரி, ‘வெள்ளைக்காரர்’ விஷயத்துக்கு வருவோம், அதில் நீங்கள் நினைப்பதைவிட ஆழம் அதிகம். இந்தத் துறை 1919-இல், உலகப் போர் இனி வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், வேல்ஸில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் 1910-லேயே ஒரு ஆய்விதழ் தொடங்கியிருந்தார்கள். பெயர் ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’, அதாவது இனங்களின் வளர்ச்சி. பின்தங்கியவை என்று அவர்கள் கருதிய இனங்களை என்ன செய்வது, எப்படி நிர்வகிப்பது என்பதுதான் பேச்சு. 1919-இல் அதன் பெயரை ‘ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்’ என்று மாற்றினார்கள், 1922-இல் அது ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழோடு சேர்ந்துவிட்டது. பலகையை மாற்றிய அதே 1919-இல்தான் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜப்பான் இனச் சமத்துவத்தை எழுதி வையுங்கள் என்று கேட்டது. 17 வாக்குகளில் 11 ஆதரவு கிடைத்தும், ஒருமனதாக இல்லை என்று தலைமையில் இருந்த அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் தள்ளிவிட்டார். ஐரோப்பியப் போரின் வேர் ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் போட்டியில் இருக்கிறது என்று கறுப்பின அமெரிக்க அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1915-லேயே எழுதியிருந்தார். போரின் காரணங்கள் என்ற பாடத்தில் அவர் பெயரை நான் படித்த காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

இதைப் படித்து சூடாகி எதிர்ப்பக்கம் விழுந்துவிடாதீர்கள், அந்தப் பள்ளமும் பெரிசு. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான், கௌடில்யர் அப்போதே எல்லாம் சொல்லிவிட்டார் என்று முடிக்கும் செமினார்களில் உட்கார்ந்து நான் நொந்திருக்கிறேன். பெரிய ராஜாவின் கண்ணில் உலகத்தைப் பார்ப்பதுதான் குறை என்றால், ராஜா நம்ம ஊர்க்காரர் ஆனதும் குறை எப்படி நீங்கும்? கடாரம் இருந்த ஸ்ரீவிஜயப் பேரரசில் அடி வாங்கியவனைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும்.

அதனால் ஸ்லைடில் பத்து பாரபட்சங்களைப் பட்டியல் போடும் வேலையே வேண்டாம். ஒரு கோட்பாடு, அது எந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, யாருக்குப் போட்டால் கிழிகிறது என்பதை மட்டும் இருபது நிமிடம் காட்டுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோஸ்டாரிகாவில் தொடங்கி மலேசியாவில் முடிப்பேன். ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு அந்த நாலு விமானத்தைக் கொடுத்தது ஒரு வல்லரசுதானே, அப்படியானால் வால்ட்ஸ் சொன்னது சரிதானே என்று மேடம் கட்டாயம் மடக்குவார். அதற்கு என்ன சொல்வீர்கள் என்பதை இந்த வாரமே எழுதிப் பார்த்துவிடுங்கள்.