பத்திரிகை டெஸ்க் வேலையை விட்டு உணவு எழுத்துக்குப் போனால் பிழைக்க முடியுமா?

"வெறும் சப் எடிட்டர்தான், சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை, உணவுப் பத்தியும் பிறருக்குப் புத்தகம் எழுதித் தரும் வேலையும் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "வெறும்" இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கடந்து போயிருப்பேன்.

நானும் நாளிதழில் ராமநாதபுரம் மாவட்டப் பக்கம் பார்த்த சப் எடிட்டர்தான்; நிருபர் அனுப்பும் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கிற ஆள். "கடலுக்குச் சென்ற மீனவர்கள் கரை திரும்பவில்லை" என்று செய்தி வரும். விசைப்படகா நாட்டுப்படகா, பாம்பனா தொண்டியா, எத்தனை பேர், ஒன்றும் இருக்காது. பக்கம் முடிக்கிற நேரத்தில் நிருபருக்குப் போனைப் போட்டு, திட்டு வாங்கிக்கொண்டே கேட்டு எழுத வேண்டும். உணவு எழுத்துக்கு வேண்டியதும் இதேதான். வாசனையை மூன்று பத்தி வர்ணிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். (அவர்களைக் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

கீழக்கரையில் ஒருவருடைய சமையல் நூலை அவரோடு உட்கார்ந்து எழுதினேன். தெருவே அவரை லாத்தா (அக்கா) என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். தொதல் என்ற இனிப்பின் பக்கத்துக்கு வந்தோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. "எண்ணெய் கக்கினதும் இறக்கணும் தம்பி" என்றார். எவ்வளவு நேரத்தில் கக்கும்? "அது தேங்காயைப் பொறுத்தது." எத்தனை தேங்காய்? "மாவுக்குத் தக்கன." மாவு எவ்வளவு? பதில் சொல்லாமல் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் தராசோடு போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அள்ளிப் போடுவதற்கு முன் கையைப் பிடித்து நிறுத்தி எடை போடுவேன். மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய பண்டம் அது. ஆள் மாறி ஆள் கிண்டினார்கள். சட்டியில் ஒட்டாமல் திரண்டு, ஓரத்தில் எண்ணெய் மினுமினுக்கும் வரை ஆன நேரத்தை வேறு வேறு நாளில் குறித்துவைத்தேன். வெளியூர் போன பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று லாத்தாவே சொன்னார். அது எனக்குப் போதும்.

பணம் போதாது, அது வேறு விஷயம். பத்திக்கு வருவது பெட்ரோலுக்குச் சரியாகப் போகும். புத்தக வேலையில் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். பாதியை முன்பணமாக வாங்காமல் பேனாவைத் தொடாதீர்கள். பெயர் விஷயத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அட்டையில் லாத்தா பெயருக்குக் கீழே என் பெயரும் வரும் என்று பதிப்பகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். அச்சாகி வந்தபோது நன்றியுரையில் ஒளிந்திருந்தேன். லாத்தாவுக்கே கோபம். எந்தப் பதிப்பகம் என்று கேட்காதீர்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் செல்லும்; காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கணக்கு. 17ஆம் பிரிவு உங்களுக்கு இன்னும் முக்கியம். சம்பளத்தில் இருந்தபடி நாளிதழுக்கு எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதை நூலாகப் போடும் உரிமை எழுதியவருக்கு. உங்கள் நியமனக் கடிதத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், எடுத்துப் பாருங்கள். நான் வக்கீல் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் என்றால் "தண்ணியில்லாக் காடு" என்று தலைப்பு வைக்கும் நண்பர்களே, தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை எங்கள் மாவட்டத்துக்குத்தான். குடிநீர்க் கஷ்டம் உண்மை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியிலும் அதே வரியைப் போட்டால் எரியுமா எரியாதா?

சரி, உங்கள் விஷயம். வேலையை உடனே விடாதீர்கள். வார விடுமுறையில் இந்தப் பக்கம் வந்து ஒரு வீட்டுச் சமையலை அளந்து எழுதிப் பாருங்கள். மீன் பற்றி என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். ஜூலையில் வாருங்கள்.