யாழ்ப்பாணத்திலிருந்து அரச அலுவலாகப் புதுடில்லி போய்த் தங்குகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் மாகாணத் திணைக்களம் ஒன்றில் வேலை செய்கிறார். ஜனவரியில் பத்து நாள் பயிற்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது, இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம் என்கிறார். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் வேலையாக அழைப்புக் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். எங்கட ஆட்களுக்குப் பிசகு தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். அலுவலகக் கடிதத்தில் 'க. முருகேசு' என்றிருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் போய் 'கந்தையா முருகேசு' என்று முழுதாக நிற்கும். டிக்கெட் போடுகிறவர் இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பார். டில்லியில் உங்களை 'மிஸ்டர் கந்தையா' என்று கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வாசல் அனுமதிச்சீட்டு ஒரு பெயரிலும் கையில் உள்ள கடவுச்சீட்டு இன்னொரு பெயரிலும் இருந்தால் காவலர் உள்ளே விடமாட்டார். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்திப் புதுக் கடிதம் அனுப்பச் சொல்லி இப்பவே மின்னஞ்சல் போடுங்கள்.

வெளிநாட்டு லீவுக்கான பொது 126 படிவத்தை அழைப்புக் கிடைத்த கிழமையிலேயே கொடுத்துவிடுங்கள். மாகாண சேவையில் கோப்பு பல மேசை ஏறி இறங்கித்தான் வரும். பயிற்சி நாட்களோடு போகிற நாள், வருகிற நாள் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். விட்டால் அந்த இரண்டு நாளும் பிறகு தலையிடிதான். விசா எந்த வகை என்பதை அழைத்த நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா விசா கெதியாகக் கிடைக்கும் என்பதற்காக அலுவலகப் பயணத்துக்கு அதை எடுக்க வேண்டாம். குடிவரவு மேசையில் 'என்ன நோக்கம்' என்று கேட்கும்போது கையில் பயிற்சிக் கடிதமும் சுற்றுலா விசாவும் ஒத்துப்போகாது. 1964 இல் தொடங்கிய இந்திய அரசின் ஐ.ரி.இ.சி. (வெளிநாட்டு அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிற) திட்டத்தின் கீழ் போகிறீர்கள் என்றால் டிக்கெட், தங்குமிடம், படி எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஆனாலும் படிப்பணம் முதல் நாளே கைக்கு வரும் என்று நம்பிப் போக வேண்டாம்.

பலாலியில் ஏறிச் சென்னை வழியாகப் போகலாம், அல்லது கட்டுநாயக்க போய் நேரே பறக்கலாம். பலாலி வழி உடம்புக்குச் சுகம், ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. இந்தியக் குடிவரவு சென்னையிலேயே முடியும். பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டுப் பறப்புக்குத் திரும்பவும் கொடுக்க வேண்டும். அதற்கு நாலு மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள். இரண்டு பறப்பையும் ஒரே டிக்கெட்டில் போடுவது நல்லது. முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போதுதான் விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் நட்டம் உங்களுடையது. இந்திய விமான நிலையங்களில் கட்டட வாசலிலேயே டிக்கெட்டும் அடையாள ஆவணமும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு அங்கே நின்று கிண்ட வேண்டாம்.

ஜனவரி டில்லிக்குப் பனிமூட்டக் காலம். விடியற்காலை, முற்பகல் விமானங்கள் மணிக்கணக்கில் பிந்தும். மத்தியானத்துக்குப் பிறகு இறங்குகிற மாதிரி, பயிற்சிக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். இன்னொன்று: ஜனவரி 26 குடியரசு தினத்துக்கு முந்திய கிழமையில், அண்மைய ஆண்டுகளில் காலை 10.20 முதல் 12.45 வரை டில்லி வான்வெளியை மூடியிருக்கிறார்கள். அணிவகுப்பு ஒத்திகைக்காக நடுநகரத் தெருக்களையும் மறிப்பார்கள். உங்கள் திகதி அந்தக் கிழமையில் விழுந்தால் இரண்டையும் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

விமான நிலையத்தில் இருந்து தங்குமிடம் போக மூன்றாம் முனையத்தில் மெட்ரோவின் எயார்போர்ட் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. புதுடில்லி நிலையத்துக்கு இருபது நிமிடம் போலத்தான். இரவு என்றால் டில்லிப் பொலிஸ் நடத்துகிற முற்கொடுப்பனவு டாக்சிக் கூடத்தில் காசு கட்டுங்கள். அங்கே தருகிற துண்டை இறங்கும் இடம் வந்த பிறகுதான் சாரதியிடம் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டைக் காட்டித்தான் அவர் காசு எடுப்பார். ஏறும்போதே கொடுத்துவிட்டால் பாதி வழியில் 'இதுதான் இடம்' என்று இறக்கிவிட்டாலும் கேட்க முடியாது.

தங்குமிடத்தை நீங்களே பிடிப்பதென்றால் முதற் கேள்வி வாடகை அல்ல, 'போம் சி போடுவீர்களா?' என்பதுதான். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அந்தப் படிவத்தை (2025 விதிகளில் அதன் பெயர் போம் III) வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஹோட்டல் அனுப்ப வேண்டும். இந்தச் சோலி வேண்டாம் என்று சிறிய விடுதிகள் சில வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இணையத்தில் முன்பதிவு செய்திருந்தாலும் இதுதான் கதை. கடவுச்சீட்டு, விசாப் பக்கப் பிரதிகள் நாலைந்து கையில் இருக்கட்டும்.

குளிரைப் பற்றி ஊரில் ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். விடியற்காலை 5, 6 பாகைக்கு இறங்கும். கஷ்டம் வெளியில் அல்ல, உள்ளேதான். அங்கே கட்டடங்களுக்குப் பொதுவாகச் சூடாக்கும் வசதி கிடையாது, தரை முழுக்க மார்பிள். வகுப்பறையில் ஆறு மணித்தியாலம் அசையாமல் இருக்கும்போதுதான் கால் விறைக்கும். ஒரு தடித்த ஜக்கெற்றை விட உள்ளுக்குப் போடுகிற தேர்மல் இரண்டு சோடி, ஸ்வெற்றர், கம்பளிக் காலுறை, அறைக்குள் போட மூடின செருப்பு என்று அடுக்கடுக்காகக் கொண்டு போங்கள். யாழ்ப்பாணக் கடைகளில் தேடி அலைய வேண்டாம், தேர்மல் டில்லியிலேயே மலிவு. அறையில் ஹீற்றர் கேட்டு வாங்குங்கள். குளிக்கப் போவதற்குக் கால் மணித்தியாலம் முன்னதாகக் கீசரை (தண்ணீர் சூடாக்கியை) போடுங்கள். காற்றும் அந்த மாதங்களில் மோசம். காற்றுத் தரச் சுட்டெண் 400 ஐத் தாண்டினால் அங்கே 'கடுமை' என்பார்கள். தொய்வு உள்ளவர்கள் பம்மையும் மருத்துவரின் துண்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்95 முகக்கவசமும் வேண்டும்.

எங்கட 13 அம்பியர் சதுரப் பின் பிளக் டில்லிச் சுவரில் ஏறாது. அங்கே எல்லாம் வட்டப் பின். பழைய 5 அம்பியர் பிளக் நேரே ஏறும். லப்டொப்புக்கு ஒரு மாற்றி கட்டாயம் கொண்டு போங்கள். மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ற். நேரமும் ஒன்றுதான், மணிக்கூட்டைத் தொட வேண்டாம்.

காசு டொலராகக் கொண்டு போங்கள், இலங்கை ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம். மாற்றும்போது தருகிற பற்றுச்சீட்டை எறிய வேண்டாம், மிச்ச இந்திய ரூபாயைத் திருப்பி மாற்றக் கேட்பார்கள். டில்லியில் தேத்தண்ணிக் கடையிலும் கியூ.ஆர். ஒட்டியிருக்கும். ஆனால் உங்கள் இலங்கை வங்கிச் செயலி அதை வாசிக்காது. அந்தக் கியூ.ஆர். கொடுப்பனவு முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர்; அதில் வெளிநாட்டவருக்கென்று யு.பி.ஐ. வன் வேர்ல்ட் என்ற பணப்பை உண்டு, கடவுச்சீட்டும் விசாவும் காட்டி எடுக்கலாம். குறுகிய பயணத்துக்கு 100, 200 ரூபாய்த் தாள்களே போதும் என்பது என் அபிப்பிராயம். வங்கி அட்டை பாவிப்பதென்றால் வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து, இலங்கை சிம்முக்கு ரோமிங்கும் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். வங்கி அனுப்புகிற ஒருமுறைக் கடவு இலக்கம் (ஓ.ரி.பி.) வருவது அந்த சிம்முக்குத்தான். அது வராவிட்டால் கணக்கில் காசு இருந்தும் பயனில்லை.

அமைச்சுக்குப் போகிற நாளில் இடத்தை முதல் நாளே உறுதி செய்யுங்கள். கிருஷி பவன், சாஸ்திரி பவன் போன்ற பழைய கட்டடங்களில் இருந்து அலுவலகங்களைப் புதிய கர்த்தவ்ய பவன்களுக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். முதலாவது 2025 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பழைய கடிதத் தலைப்பில் உள்ள முகவரியை நம்பிப் போக வேண்டாம். சந்திக்கப் போகும் அதிகாரியின் பெயர், அறை இலக்கம், எந்த வாசல் என்ற மூன்றும் வேண்டும். அவர் உள்ளிருந்து சொல்லி வைத்தால்தான் வரவேற்பில் படம் எடுத்து அனுமதிச்சீட்டு அடிப்பார்கள். சந்திப்பு முடிந்ததும் அந்தச் சீட்டில் அதிகாரியின் கையொப்பம் வாங்க மறக்க வேண்டாம், வெளியே வரும்போது வாசலில் கேட்பார்கள். வெறும் சீட்டோடு வந்தால் திரும்ப மாடியேற வேண்டியதுதான். லப்டொப்பை உள்ளே போகும்போதே பதிந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கொனோட் பிளேஸில் சரவண பவன் இருக்கிறது. அசோகா வீதியில் ஆந்திர பவன் உணவகத்தில் சோறும் காரமும் எங்கட நாக்குக்குக் கிட்ட வரும். ஆர்.கே. புரத்தில் தமிழ்ச் சங்கமும் முருகனின் மலை மந்திரும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையில் தமிழ் கதைக்க ஆள் தேடுகிறவர்கள் அங்கே போகலாம்.

கடவுச்சீட்டுத் தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அடுத்தது சாணக்கியபுரி கௌடில்ய மார்க்கில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பயண ஆவணம், அதன் பிறகு வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி. இந்த ஒழுங்கு மாறினால் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். அவசர இலக்கம் 112.

பறப்பு ஒவ்வொன்றின் போர்டிங் பாஸையும் எடுத்து வையுங்கள், சென்னை–டில்லித் துண்டையும் சேர்த்துத்தான். கடையில் தருகிற தேர்மல் காகிதப் பற்றுச்சீட்டு சில கிழமையில் வெள்ளையாகிவிடும். அன்றன்றே படம் எடுத்து, ஒரு பிரதியும் அடித்து வையுங்கள். முற்பணம் எடுத்திருந்தால் கணக்காளர் முதலில் கேட்பது கடவுச்சீட்டில் போன, வந்த முத்திரை உள்ள பக்கங்களைத்தான். அழைத்தவர்கள் தங்குமிடமும் சாப்பாடும் தந்திருந்தால் முழுப் படியும் கேட்க வராது என்பதைப் புறப்படுவதற்கு முன்னமே கணக்குக் கிளையில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வந்த பிறகு திருப்பிக் கட்டச் சொன்னால், டில்லியில் தேர்மல் வாங்கிய காசுக்கும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்ல வேண்டி வரும்.