நம்மவர் ஜட்ஜ் ஆனால் நமக்கு நல்லதா?

கேள்வி: பொங்கல் விழாவில் தமிழர் ஒருவர், மாவட்ட நீதிபதி தேர்தலில் நிற்பதாகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். "நம்மவர் ஜெயித்தால் நமக்குத்தானே நல்லது, நூறு டாலர் போடு" என்கிறார்கள் தோழிகள். எனக்கு இதுதான் முதல் ஓட்டு. எதை வைத்து முடிவு செய்வது?
- ஒரு வாசகி, சுகர்லேண்ட், டெக்சாஸ்

பதில்: நல்லதென்றால் எப்படிம்மா? நாளை உங்கள் வழக்கு வந்தால் உங்கள் பக்கம் சாய்வார் என்றா? சாய்கிற ஜட்ஜ் எந்தப் பக்கமும் சாய்வார். இந்த ஊர்க் கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்.

டெக்சாஸில் நீதிபதிகளும் கட்சிப் பெயரோடுதான் நிற்கிறார்கள். ஆனால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலில் (பிரைமரி) மோதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. அதனால் பலர் பெயரின் ஓசையைப் பார்த்தே குத்திவிடுகிறார்கள்.

நூறு டாலர் கொடுக்குமுன், வேறு யார் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாவட்ட நீதிபதி வேட்பாளர்களின் நன்கொடைக் கணக்கு டெக்சாஸ் எத்திக்ஸ் கமிஷன் தளத்தில் இருக்கும். அரையாண்டுக் கணக்குக்குக் கெடு ஜனவரி 15, சரியாகப் பொங்கல் சமயம்! கொடுப்பவர்களில் வக்கீல்கள் நிறைய இருப்பார்கள். அது சட்டப்படி தப்பில்லை. ஒரே வக்கீல் ஆபீஸிலிருந்து பணம் கொட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி முதலாளி சுமார் 30 லட்சம் டாலர் இறைத்து ஒருவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்த நீதிபதி அதே கம்பெனியின் வழக்கிலிருந்து விலக மறுத்து, கம்பெனிக்குச் சாதகமாகவே ஓட்டளித்தார். விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் ஒன்பது பேரில் நான்கு பேர் ஒப்பவில்லை.

இப்போது பதவியில் இருப்பவரே மறுபடி நின்றால், ஒரு காலைப்பொழுது ரிச்மண்டில் ஃபோர்ட் பெண்ட் ஜஸ்டிஸ் சென்டருக்குப் போய் அவர் கோர்ட்டில் உட்காருங்கள். யாரும் போகலாம். நேரத்துக்கு வருகிறாரா, வக்கீல் வைக்க வசதியில்லாதவரை முழுசாகப் பேச விடுகிறாரா என்று கவனியுங்கள். புதியவர் என்றால் எத்தனை வழக்கை விசாரணை முடியும்வரை நடத்தியிருக்கிறார் என்று நேரிலேயே கேளுங்கள். "இந்த மாதிரி வழக்கில் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வேன்" என்று ஓட்டுக்காக வாக்குக் கொடுக்கிறவரை, தமிழரே ஆனாலும், உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். டெக்சாஸ் நீதிபதிகளின் நடத்தை விதியே அதைத் தடுக்கிறது.

உங்கள் தமிழர் இதிலெல்லாம் தேறினால் தாராளமாக நூறு டாலர் கொடுங்கள், வாசலில் போர்டும் நடுங்கள். ஓட்டுச்சாவடிக்குள் போனைப் பயன்படுத்த முடியாது. தேர்ந்தெடுத்த பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.