நிருபர் போன் செய்தால்

அன்புள்ள சார்,

ஈரோடு பக்கம் நானும் அண்ணனும் மசாலாப் பொடி தயாரிக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறோம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர், எங்கள் சாம்பார் பொடி பாக்கெட்டில் வண்டு கிடப்பதாக வீடியோ எடுத்துப் போட்டார். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. உள்ளூர் டிவி நிருபர் போன் செய்தபோது அண்ணன், "கடைக்காரர் ஈரத்தில் வைத்திருப்பார், எங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் போனையே அணைத்துவிட்டார். மாலையில் "நிறுவனம் விளக்கம் தர மறுப்பு" என்று டிவியில் ஓடியது. இப்போது ஆய்வக முடிவு வந்திருக்கிறது. அதே பேட்சில் நாங்கள் எடுத்து வைத்திருந்த மாதிரியில் பூச்சி எதுவும் இல்லை. ஒரு பி.ஆர். ஏஜென்சிக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுத்தால் நல்ல செய்திகள் வரவைக்கிறோம் என்கிறார்கள். சேரலாமா? இனி இப்படி ஏதாவது நடந்தால் யார் பேசுவது, என்ன பேசுவது?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். கடையிலும் கிடங்கிலும் வண்டு பிடிப்பது புதிதல்ல. ஆனால் அதே பதிலை உங்களைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனம் ஒன்று சொல்லிப் பார்த்துவிட்டது.

2003 அக்டோபரில், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மும்பையில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டுகளில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் விசாரணையில் இறங்கியது. கடைகளில் சரியாகப் பாதுகாத்து வைக்காததுதான் காரணம் என்றது நிறுவனம். அப்படியென்றால் உங்கள் உறை ஏன் அதைத் தடுக்கவில்லை என்ற கேள்வி உடனே வந்தது. பண்டிகைக்கால விற்பனை அடி வாங்கியது. பிறகுதான் வழிக்கு வந்தார்கள். கடைகளில் இருப்பு வைக்கும் முறையைச் சரிபார்க்க 'விஸ்வாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2004 தொடக்கத்தில் உறையையே மாற்றி, செலவு கூடினாலும் பரவாயில்லை என்று இறுக்கமாக மூடிய புதிய உறையில் விற்றார்கள். அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்தது அதற்குப் பின்னால்தான். பலரும் அமிதாப் காப்பாற்றினார் என்பார்கள். உறை மாறாமல் அவர் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கியவருக்கு உங்கள் தொழிற்சாலையும் தெரியாது, டீலரும் தெரியாது. பாக்கெட்டின் மேல் உங்கள் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். பயந்து போயிருக்கும் அவரிடம் நீங்கள் உங்கள் குற்றமின்மையைப் பேசுகிறீர்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: சமையலறை டப்பாவில் இருக்கும் பொடியை இன்றைக்குக் குழம்பில் போடலாமா, கூடாதா?

சட்டப்படி சரியாக இருப்பதும் இதில் முழுசாகக் கை கொடுக்காது. 2015 மேகி விவகாரம் நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் அனுமதித்த அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகக் கொல்கத்தா ஆய்வகம் சொன்னது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே, எங்கள் சோதனைகளில் அப்படி இல்லை, மேகி பாதுகாப்பானது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் தடை போட்டன, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் திரும்பப் பெறச் சொன்னது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதனை நடந்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை என்றது. வழக்கில் வென்றும் மேகி கடைக்குத் திரும்ப நவம்பர் ஆனது. அந்த விவகாரத்தில் ஈயத்தோடு இன்னொன்றும் இருந்தது. பாக்கெட்டில் 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' (எம்.எஸ்.ஜி. என்பது சுவை கூட்டும் உப்பு) என்று அச்சிட்டிருந்தார்கள், அதுவும் குற்றச்சாட்டாக மாறியது. உங்கள் பாக்கெட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 'நூறு சதவீதம் இயற்கை', 'கலப்படமே இல்லை' என்றெல்லாம் இருந்தால், நாளை ஒரு நிருபர் அதைக் கேமரா முன்னால் வாசித்துக் காட்டுவார்.

சரி, அண்ணன் என்ன சொல்லியிருக்கலாம்? ஏறக்குறைய இப்படி: "வீடியோவைப் பார்த்தோம். அந்த வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு வருந்துகிறோம். பாக்கெட்டின் பேட்ச் எண்ணைக் கேட்டிருக்கிறோம். தெரிந்ததும் அந்த பேட்ச் பொடியைக் கடைகளிலிருந்து எடுத்துவிடுவோம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அதுவரை சந்தேகம் இருப்பவர்கள் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம்." இதில் எங்கேயும் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை, யாரையும் கை காட்டவும் இல்லை. செய்யப்போவதை மட்டும் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் இரண்டாவது செய்தி முதல் செய்தியைவிட மோசமாக வரும்.

நிருபரின் அவசரமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளிதழ்களில் மாவட்டப் பக்கங்களைச் சீக்கிரமே முடித்துவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறவருக்கு நாளைக் காலை தரும் பதில் பயன்படாது. உடனே சொல்ல ஒன்றுமில்லை என்றால், "எத்தனை மணிக்குள் வேண்டும்?" என்று கேட்டு, அந்த நேரத்துக்கு முன்னால் நீங்களே கூப்பிடுங்கள். "ஆஃப் தி ரெக்கார்டு", அதாவது செய்தியில் போடவேண்டாம் என்று முன்பின் தெரியாதவரிடம் எதையும் சொல்லாதீர்கள். வீடியோ போட்டவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்கவேண்டாம். அந்த நோட்டீஸையும் அவர் போட்டோ எடுத்துப் போடுவார்.

ஏஜென்சி விஷயம். செய்தி வரும் என்று உறுதி கொடுப்பவர்கள், பெரும்பாலும் காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தைத்தான் செய்தி என்கிறார்கள். காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010லேயே அறிக்கை கொடுத்தது, வழக்கம் போய்விடவில்லை. பிரஸ் மீட் வைத்து நிருபர்களுக்குக் கவரில் பணம் கொடுக்கும் பழக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏஜென்சிகளில் நல்லவர்கள் உண்டு. ஆனால் உங்கள் அளவு நிறுவனத்துக்கு மாதா மாதம் கட்டணம் கட்டும் தேவை இல்லை என்பது என் கருத்து.

அதற்குப் பதில் உங்கள் தாலுகா நிருபர்கள் மூன்று நான்கு பேரைத் தெரிந்து வையுங்கள். நீங்கள் இருப்பது மஞ்சள் ஊர். 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏலத்தில் என்ன நடக்கிறது என்று விளக்கிச் சொல்ல நிருபர்கள் ஆள் தேடுவார்கள். நீங்களும் மஞ்சள் வாங்குகிறவர்தானே? உங்கள் பொடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், விலை நிலவரத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள். அடுத்த தடவை உங்களைப் பற்றிப் புகார் வந்தால், போடுவதற்கு முன் அவர் உங்களைக் கூப்பிடுவார்.

யார் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தைப் பார்த்தால் நீங்கள்தான் பேசவேண்டும். அண்ணன் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆய்வக அறிக்கையை முதலில் வீடியோ போட்டவருக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள், கூடவே புது பாக்கெட் ஒன்றும். அறிக்கை உங்கள் கையிலிருந்த மாதிரிக்குத்தான், அவர் வாங்கிய பாக்கெட்டுக்கு இல்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அந்த டிவி நிருபருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதால் அவர் போடாமலும் போகலாம். அதற்காகச் சண்டை போடவேண்டாம்.