புதுக் கிட்டாருக்குப் பழைய வேஷமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓசூர்க்காரர் ஒருவருக்கு 1930-களின் பாணியில் நீங்கள் செய்து கொடுத்த கிட்டாரைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன். ஆனால் ஒரு நெருடல். புதிதாகச் செய்கிற பொருளுக்கு எதற்குப் பழைய வேஷம்? கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோலில் செட்டிநாட்டுத் தூண் வைப்பது மாதிரி இல்லையா? இன்னொன்று, திரும்பிய பக்கமெல்லாம் மாந்தோப்பு இருக்கிற கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு அலாஸ்கா மரத்தை எதற்கு வரவழைக்கிறீர்கள்?

கடைசியாக ஒரு சொந்த விஷயம். அப்பா தர்மபுரியில் சர்ச் பாடகர் குழுவில் வாசித்த கிட்டார் வீட்டில் கிடக்கிறது. மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜின் பின்பக்கம் நகம் நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஃபெவிகுவிக் விட்டு ஒட்டிவிடலாமா? இல்லை, புதிதாகவே ஒன்று செய்யச் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம்)
பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஃபெவிகுவிக் மட்டும் வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தெர்மாகோல் தூண் என்று படித்ததும் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் உறைத்தது. அந்த ஓசூர்க்காரரும் முதலில் அதைத்தான் கேட்டு வந்தார். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வார்னிஷ் வெடிச்சு, விரல் படற எடத்துல தேஞ்சு இருக்கணுங்க" என்றார். "கீறலெல்லாம் நீங்களே வாசிச்சுப் போட்டுக்கங்க, அதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்" என்றேன். பிளேடால் கீறி, குளிரில் வைத்து வார்னிஷை வெடிக்க வைத்து, புதுசைப் பழசாக்கித் தருகிறவர்கள் உண்டு. அவர்கள் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

டீ குடித்துக்கொண்டே பேசியதில்தான் அவர் வந்த காரணம் தெரிந்தது. கல்லூரி நாளில் பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் நிஜமான பழைய கிட்டார் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். "தூக்கினா காலி டப்பா மாதிரி இருந்துச்சுங்க. மேல சட்டை பட்டன் உரசினதுக்கே சத்தம் குடுத்துச்சு." முப்பது வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த லேசுதான். வெடித்த வார்னிஷ் அதற்கு ஓர் அடையாளம்.

1930-களில் யாரும் பழைய கிட்டார் செய்யவில்லையே. அன்றைக்குப் புதுசாக, சத்தமாக ஒன்று வேண்டியிருந்தது. பாஞ்சோவுக்கும் பிடிலுக்கும் நடுவே கிட்டார் காதில் விழ வேண்டும். அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி, டிரெட்நாட் என்கிற அந்தப் பெரிய உடலை 1916-இல் வேறொரு கம்பெனிக்காகச் செய்து கொடுத்தது, 1931-இல் தன் பெயரிலேயே கொண்டுவந்தது, 1934-இல் கழுத்து பதினான்காம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) உடலோடு சேரும்படி மாற்றியது. உள்ளே, மேல்பலகையைத் தாங்குகிற சட்டங்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடும். அந்தச் சட்டங்களைத் தொட்டில் மாதிரி குடைந்து எடை குறைத்திருந்தார்கள். அப்புறம் ஆட்கள் தடித்த கம்பி போட ஆரம்பித்தார்கள், பலகை வயிறு தள்ளியது, ரிப்பேருக்கு வந்து குவிந்தது. 1944-இல் குடைவதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி நடத்துகிறவனுக்கு அது சரியான முடிவு. ஆனால் சத்தத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துத்தான் அந்த நிம்மதியை வாங்கினார்கள்.

ஆக, பழைய பாணி என்று நான் சொல்வது அந்தக் கைவிட்ட துணிச்சலை. பார்வைக்குப் பழசாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். மெல்லிய கம்பி ஆறையும் சுருதி கூட்டினால் மொத்த இழுவை எழுபது கிலோவுக்கு மேல் வரும். ஓர் ஆள் இராப்பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். அதைத் தாங்குகிற மேல்பலகை 2.8 மில்லிமீட்டர் கனம். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஏறத்தாழ அவ்வளவுதான். சட்டம் கனமாக இருந்தால் நூறு வருஷம் அசையாது, சத்தமும் வராது. மெலிந்துபோனால் ஒரே வருஷத்தில் பலகை குழிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலையே.

ஓசூர்க்காரர் கிட்டாருக்கு அந்தக் குடைகிற வேலை மட்டும் இரண்டு நாள் ஆனது. உளியை நன்றாகத் தீட்டிக்கொண்டு, சட்டத்தில் ஒரு சீவல் எடுப்பேன். பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காதோரம் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுவேன். சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்க்கிறவர் மாதிரிதான் இருக்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். முதலில் கதவைத் தட்டுகிற மாதிரி 'டொக்' என்று செத்த சத்தம். சீவச் சீவ அது கீழே இறங்கி, நீளமாகி, 'டும்ம்' என்று கொஞ்ச நேரம் நிற்கும். இன்னும் ஒரு சீவல் எடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று கை துறுதுறுக்கிற நேரம் ஒன்று வரும். அப்போது உளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவேன். பலகையின் மேல் எடை வைத்து எவ்வளவு வளைகிறது என்று அளப்பதும் உண்டு. அளவு குறித்த நோட்டு இருக்கிறது. ஆனாலும் நிறுத்தச் சொல்வது காதுதான்.

இதில் நான் அடிபட்டதையும் சொல்ல வேண்டும். என் முதல் கிட்டாருக்கு ஐப்பசி அடைமழையில் சட்டம் ஒட்டினேன். காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் குடித்துப் பலகை அகலமாகியிருந்தது. எனக்கு அது தெரியாது. பங்குனி வெயிலில் ஈரம் வற்றிப் பலகை சுருங்கப் பார்த்தது, ஒட்டின சட்டம் விடவில்லை. ஒருநாள் மத்தியானம் 'பட்'டென்று ஒரு சத்தம். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரில், ஒலித்துளையிலிருந்து கீழ்விளிம்பு வரை நேர்கோடாக ஒரு விரிசல். இப்போது ஈரப்பத மீட்டரில் 45 சதவீதம் காட்டினால்தான் சட்டம் ஒட்டுவேன். மழைக்காலத்தில் அதற்காகவே ஓர் அறையை மூடி, ஈரம் உறிஞ்சுகிற மெஷினை ஓட விடுகிறேன். கரண்ட் பில்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். பழைய ஆசாரிமார்கள் பயன்படுத்திய அதே தோல் பசைதான். ராத்திரி ஊற வைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 டிகிரிச் சூட்டில் காய்ச்ச வேண்டும். வாசனை எப்படி என்று கேட்காதீர்கள். தடவினால் ஒரு நிமிஷத்துக்குள் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். இதனால் நாதம் கூடுகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதுக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை. எனக்குப் பிடித்த குணம் வேறு: சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும். நாளைக்கு ரிப்பேர் பார்க்கப் போகிறவன் என்னைத் திட்ட மாட்டான்.

சரி, மரம். முதுகுக்கும் பக்கத்துக்கும் நம் ஈட்டி மரம்தான் போட்டேன், முறையான ரசீதோடு வாங்கியது. பழைய கிட்டார் பித்தர்கள் பிரேசில் ஈட்டி என்றால் உருகுவார்கள். 1992 முதல் அது, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதற்கு ரொம்ப முன்பே, 1969 வாக்கில், மார்ட்டின் நம்மூர் ஈட்டிக்கு மாறிவிட்டது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். முதுகு, பக்கப் பலகை மட்டும் வேறு வேறு மரம், மற்றபடி ஒரே மாதிரி ஆறு கிட்டார். ஐம்பத்திரண்டு கிட்டார்க்காரர்களை எதை வாசிக்கிறோம் என்று பார்க்க விடாமல் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் பெரிய வித்தியாசம் யாருக்கும் பிடிபடவில்லை. ஆகவே உங்கள் மாமரத்தைத் தாராளமாகப் போடலாம். ஹவாய் தீவில் மாமரத்தில் உகுலேலே என்கிற குட்டிக் கிட்டார் செய்கிறார்கள். என் பட்டறைப் பரணிலும் காவேரிப்பட்டணம் தோப்பு ஒன்றில் வாங்கிய மாம்பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. வண்டுதான் பிரச்சினை. மாதம் ஒருமுறை இறக்கி, மாவு கொட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மேல்பலகைக்கு மட்டும் நீங்கள் கேட்ட அந்த அலாஸ்கா மரத்தை, ஸ்ப்ரூஸை, விட முடியவில்லை. எடைக்கு அவ்வளவு விறைப்பு நம் பக்கத்து மரங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. வீணைக்குப் பலா போதுமே என்பீர்கள், அதன் கட்டுமானமே வேறு.

முடிந்தபோது கிட்டார் 1.8 கிலோ இருந்தது. ஓசூர்க்காரரிடம் இரண்டு நிபந்தனை போட்டேன். தடித்த கம்பி போடக் கூடாது, சித்திரை வெயிலில் காருக்குள் வைக்கக் கூடாது. ஐந்து மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டினார். பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. அவர் பதறிப்போனார், எனக்கு நிம்மதி. எழும்பவே இல்லையென்றால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

இனி அப்பாவின் கிட்டார். புதுசெல்லாம் வேண்டாம். ஃபெவிகுவிக் மரத்துக்குள் ஊறிப்போனால் அப்புறம் எந்தப் பசையும் அங்கே பிடிக்காது. அடுத்த தடவை பிரிட்ஜ் எழும்பும்போது மேல்பலகை நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் போகாவிட்டாலும் சரி, போனாலும் சரி, வைத்தியம் ஒன்றுதான்: சூடு காட்டி முழுசாக எடுத்து, சுரண்டி, திரும்ப ஒட்டி, ஒரு நாள் கிளாம்பில் வைப்பது. இன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். கழற்றினால் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு கவரில் சுற்றிக் கொண்டுவாருங்கள். அப்பா எந்தக் கனத்துக் கம்பி போட்டு வாசித்தார் என்று அளந்து பார்க்க வேண்டும்.