கலையும் தத்துவமும் சேர்த்துப் படிக்க முதலில் வேண்டியது ஒரு கேள்வி

கேள்வி: ஊட்டியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படிக்கிறேன். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலையை (கைத் தையல் வேலைப்பாடு) பற்றி ஆராய ஆசை. கலை, தத்துவம் இரண்டும் சேர்ந்த முதுகலை எங்கே இருக்கிறது? படித்தால் வேலைக்கு உதவுமா?

பதில்: வரலாறு படித்தது தடையே இல்லை. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜேஎன்யு) கலை மற்றும் அழகியல் புலத்தில் காட்சிக்கலை, நாடகம் மற்றும் நிகழ்த்துகலை, சினிமா மூன்றும் ஒரே எம்.ஏ.வுக்குள் வருகின்றன. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் கலை வரலாறும் அழகியலும் படிக்கலாம். தத்துவம்தான் அடித்தளம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் தத்துவத் துறைகள் உண்டு. ஜேஎன்யு, ஹைதராபாத் இரண்டுக்கும் முதுகலைச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வான சியுஇடி-பிஜி எழுத வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். பலர் சறுக்குவது தேர்வில் அல்ல, விண்ணப்பத்தில்தான்: படிப்புக்குரிய தாள் குறியீட்டை மாற்றிப் போட்டால் நல்ல மதிப்பெண்ணும் வீண்.

இடத்தை விட முக்கியம் உங்கள் ஆய்வுக் கேள்வி. பிஎச்.டி. நேர்காணலிலும் வெளிநாட்டு விண்ணப்பத்திலும் அதைத்தான் பார்ப்பார்கள். "எனக்குக் கலையிலும் தத்துவத்திலும் ஆர்வம்" என்று எழுதினால் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்கள். ஒரு துறை மட்டும் பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்க வேண்டும்.

உங்கள் பூவேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. சிவப்பு, கறுப்பு நூல். துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் மாட்டுவதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசி ஓடுகிறது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நூல் புடைத்துச் சொரசொரப்பாகவும் நிற்கும். சொரசொரப்பானதை நாம் உள்பக்கம் என்போம். தோடர்களுக்கு அதுதான் முகப்பு. வடிவங்களை வகைப்படுத்திப் பதிவு செய்வதோடு கலை வரலாறு நின்றுவிடலாம். அழகு என்றால் என்ன என்று பொதுவில் பேசித் தத்துவமும் நின்றுவிடலாம். ஆனால் "ஒரு துணிக்கு எது முகப்பு என்று தீர்மானிப்பது கண்ணா, விரலா, வழக்கமா?" என்று கேட்டால் இரண்டும் சேர்ந்துதான் ஆக வேண்டும். 2013இல் இதற்குக் கிடைத்த புவிசார் குறியீடும் (ஒரு பகுதிக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம்) இப்படி ஒரு கேள்வியை எழுப்புகிறது: இந்தக் கலைக்குப் படைப்பாளி தைத்தவரா, சமூகமா?

வேலை விஷயத்தில் கவனமாக இருங்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் தத்துவம் ஒரு பாடம், காட்சிக்கலை வேறு பாடம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. பணி விளம்பரம் "சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுகலை" என்றுதான் கேட்கும். பட்டத்தின் பெயர் கலவையாக இருந்தால், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்பதில் சிக்கல் வரும். எனவே சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று சேரும் முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் எம்.ஏ. தத்துவத்தில் சேர்ந்து, பூவேலையை ஆய்வேட்டுத் தலைப்பாக வைப்பதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.

இந்த விடுமுறையில் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பூத்துக்குளியை (தோடர்கள் போர்த்தும் பூவேலைப் போர்வை) பார்த்தபடி விவரியுங்கள். கருத்து எதுவும் வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் அந்த விவரிப்பிலிருந்து எழும் கேள்வி மட்டும். தோடர் குடியிருப்பான மந்துக்குப் போகும்போது தைக்கும் அம்மாக்களிடம் அனுமதி கேட்டே படம் எடுங்கள். அவர்கள் வேலை நேரத்தை எடுத்துக்கொண்டால் அதற்குக் கூலி கொடுங்கள். வடிவங்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களை அவர்கள் உச்சரிப்பிலேயே குறித்து, வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.