மனோராவுக்குப் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் நியூகாசிலில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கடலோரம் இருக்கிற பாம்பரோ கோட்டைக்கு அழைத்துப் போனான். பக்கத்தில் சீஹவுசஸ் என்ற ஊரில் படகேறி, ஃபார்ன் தீவுகளில் சீல்களையும் பஃபின் பறவைகளையும் பார்த்தோம். தை மாதம் பேரப்பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். "நம்ம பக்கம் இந்த மாதிரி இல்லையா அப்பத்தா?" என்று கேட்கிறார்கள். தரங்கம்பாடி தூரம். மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரையில் இருக்கிற மனோரா அந்த அளவுக்கு இருக்குமா?

ஒரு வாசகி, கோட்டையூர்

அன்புள்ள ஆச்சிக்கு,

அந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் கூட்டிப்போங்கள். அறந்தாங்கி, பேராவூரணி வழியாகப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

மனோராவைக் கோட்டை என்பார்கள். அகழி, மதில் எல்லாம் உண்டு. உள்ளே இருப்பது எட்டு அடுக்கில் ஒரு அறுகோணக் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி கட்டியது. அவரோ 1799இலேயே நாட்டை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டுத் தஞ்சைக் கோட்டையோடு நின்றுபோனவர். நாட்டை வாங்கிக்கொண்டவர்கள் ஐரோப்பாவில் ஜெயித்ததற்கு இவர் இங்கே கோபுரம் எடுக்கிறார்! வாட்டர்லூ வெற்றிக்காக என்று பலர் சொல்வார்கள். கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ சண்டை 1815 ஜூனில்தான். நெப்போலியன் முதல் தடவை விழுந்து எல்பா தீவுக்குப் போனதற்கே நம் ராஜா கொண்டாடிவிட்டார். அப்புறம் அந்த மனிதர் திரும்பி வந்து வாட்டர்லூவில் மறுபடியும் சண்டை போட்டார். இங்கிலாந்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கடலைப் பார்த்ததும் அவர்கள் முகம் வாடலாம். அலை கிடையாது, கரையெல்லாம் சேறு. ஆனால் அந்த ஆழமில்லாத அமைதியான கடலில்தான் வெயில் அடிவரை இறங்கிக் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லை மேய்கிற கடல்பசுவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் கடல்பசுவுக்கென்று முதல் காப்பகம் இதுதான். மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள். இப்போது வலையில் சிக்கினால் வலையை அறுத்து அதைக் கடலிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி அது. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் செத்துப்போகும்.

சீல் மாதிரி பாறையில் படுத்துக் காட்சி தராது, ஆச்சி. கரையிலிருந்து பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். காசு கொடுத்துப் படகைக் கடற்புல் பக்கம் விடச் சொல்வதும் வேண்டாம். அதற்குப் பதில் காலையிலேயே மல்லிப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப்போங்கள். கடல்பசுவைப் பற்றி அங்கே யாரிடம் கேட்டாலும் ஏதாவது சொல்வார்கள். நண்டும் கிடைக்கும்.

திரும்பும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கையையும் (கல்லில் செதுக்கிய வளைந்த கூரை விளிம்பு) காட்ட நினைத்தால் நாலு மணிக்கு மேல் போங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.